சனிக்கிழமை கேப்டன்

முதலில் வானத்தைப் பார்ப்பார். பிறகுதான் உங்களைப் பார்ப்பார். "எப்படி இருக்கீங்க?" என்று நீங்கள் கேட்டால், "காத்து முன்னூத்திப் பத்துலேர்ந்து எட்டு நாட், சீலிங் மூவாயிரம்" என்று பதில் வரும். நீங்கள் கலிபோர்னியா சன்னிவேலில் யாரோ ஒருவருடைய குழந்தையின் பிறந்தநாள் விழாவில், காகிதத் தட்டில் வடையோடு நின்றுகொண்டிருக்கிறீர்கள். காற்று எந்தத் திசையிலிருந்து அடித்தாலும் வடைக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. மரியாதைக்காகத் தலையாட்டி வைக்கிறீர்கள். வினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வாரத்தில் ஐந்து நாள் அவரும் நம்மைப் போலத்தான்: டேட்டாபேஸ், ஸ்டாண்ட்-அப் மீட்டிங், மேனேஜரைப் பற்றிய புலம்பல். சனிக்கிழமை விடிந்தால் பாலோ ஆல்டோ விமானத் திடலில் வாடகைக்கு எடுத்த செஸ்னா 172-க்கு அவர்தான் கேப்டன். பர்ஸில் கிரெடிட் கார்டுகளுக்கு முன்னால் விமானி உரிம அட்டை இருக்கும். கேட்காமலே எடுத்து நீட்டுவார். அட்டையில் ரைட் சகோதரர்கள் இருவரின் முகமும் உண்டு. இன்னொரு பக்கம் 'ஆங்கிலத்தில் தேர்ச்சி உள்ளவர்' என்று அச்சிட்டிருக்கும். விமானிகளுக்கு அது கட்டாயம் என்பதால் எல்லோருடைய அட்டையிலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் இவர் அந்த வரியின்மேல் விரலை வைத்துக் காட்டும் தோரணையைப் பார்த்தால், அமெரிக்க அரசு தனியாக ஆள் அனுப்பி இவருடைய இங்கிலீஷைப் பரிசோதித்து நற்சான்றிதழ் கொடுத்ததாகத் தோன்றும். கிரீன் கார்டு வரிசையில் பத்து வருஷத்துக்கு மேலாக நிற்கிறார், அது இன்னும் வரவில்லை. இந்தக் கார்டு ஒன்றரை வருஷத்தில் வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தை நாம் மறுக்க முடியாது.

வாங்கியது சுலபமாகவும் இல்லை. குடியுரிமை இல்லாதவர் பயிற்சியில் சேருவதற்கு முன்பே கைரேகை வைத்து, போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பான டி.எஸ்.ஏ.யின் அனுமதி பெற வேண்டும். 2001 செப்டம்பருக்குப் பிறகு வந்த விதி அது. அப்புறம் டாக்டர் பரிசோதனை, அறுபது கேள்விகள் கொண்ட எழுத்துத் தேர்வு, கடைசியில் ஒரு தேர்வாளர் பக்கத்தில் உட்கார்ந்து வானத்தில் நடத்தும் வைவா. சட்டப்படி குறைந்தது 40 மணி நேரம் பறந்தால் போதும். அந்த நாற்பதில் முடித்த ஆளைக் காண்பது அபூர்வம், அறுபது எழுபது ஆகிவிடும். விமானத்தில் ஹாப்ஸ் மீட்டர் என்று ஒன்று இருக்கிறது. நம்மூர் ஆட்டோ மீட்டர் மாதிரி, எஞ்சின் உறுமத் தொடங்கியதும் அதுவும் ஓட ஆரம்பிக்கும். ஓடுபாதைக்கு முன்னால் வரிசையில் நின்றாலும் காசுதான். வாத்தியார் கூலியையும் சேர்த்தால் எளிதாக 20,000 டாலர். வீட்டம்மாவிடம் "கொஞ்சம் கொஞ்சமாத்தாம்மா கட்டப்போறேன்" என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு வாக்கை மட்டும் அட்சரம் பிசகாமல் காப்பாற்றினார். இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்.

சில்லறைப் பழக்கங்களை விட்டுவிடலாம். மருந்துக் கடையில் பெயரைக் கேட்டால் விமானிகளின் எழுத்துக்கூட்டில் "சியரா, யூனிஃபார்ம், பாப்பா" என்று ஆரம்பிப்பதையும், சென்னைக்குப் போகும் பெரிய விமானம் தரையைத் தொட்டதும் "ஃப்ளேர் லேட்டு" என்று பக்கத்துச் சீட்டுப் பாட்டியிடம் தீர்ப்புச் சொல்வதையும் மன்னித்துவிடலாம். முதன்முதலாகத் தனியாகப் பறந்து இறங்கும் மாணவனின் சட்டைப் பின்பக்கத்தை வாத்தியார் கத்தரித்துக் கொடுப்பது அந்த ஊர் வழக்கம். அந்தத் துணித்துண்டு கண்ணாடிச் சட்டம் போட்டு, பூஜை அலமாரியில் முருகனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஊரிலிருந்து வந்த மாமியார் அதற்கும் சேர்த்தே கற்பூரம் காட்டினார். இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க முடியாதது அந்தக் கேள்வி.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. வெயிட் எவ்வளவு?"

நீங்கள் பறக்கச் சம்மதித்திருக்க வேண்டியதில்லை. சம்மதிக்கக்கூடும் என்ற சந்தேகம் அவருக்கு வந்தாலே போதும். அவர் பக்கம் நியாயம் இல்லாமலும் இல்லை. அந்த செஸ்னாவில் நாலு சீட்டு உண்டு. ஆனால் நாலு பேர் உட்கார முடியாது. இப்போது ஓடும் ரகத்தில் மொத்த எடை 2,550 பவுண்டைத் தாண்டக் கூடாது. விமானத்தின் எடையே 1,700 பக்கம். டாங்கை நிரப்பினால் 53 காலன், காலனுக்கு ஆறு பவுண்டு வீதம் அது ஒரு 318. மிச்சம் மனுஷனுக்கும் மூட்டைக்கும் சேர்த்து 240 கிலோ. கல்யாணப் பந்தியில் இரண்டாம் தடவை பாயசம் கேட்கும் வம்சத்தில் பிறந்த நாலு பேரை அதற்குள் அடக்க முடியுமா? ஆகவே கணக்குப் போட்டே தீர வேண்டும். பின்னால் பாரம் கூடினால் மூக்கு தூக்கிக்கொள்ளும், அது ஆபத்து. ஒத்துக்கொள்கிறோம்.

ஆனால் அந்தக் கணக்கை விமானத் திடலோடு விட்டுவிட்டு வரலாமே? வரமாட்டார். மனிதர்களை அவர் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. முகம் தெரிவதில்லை, எடைதான் தெரிகிறது. அதுவும் கிலோவில் இல்லை, காலனில். "உங்க மச்சான் வர்றார்னா முப்பது காலன் இறக்கணும்" என்பார். மச்சான் அங்கேயே நிற்பார், கையில் மைசூர்பாகோடு. ஒரு தம்பதி சிரித்துக்கொண்டே வாசலில் நுழைந்தால், இவர் மனசுக்குள் மனைவியை முன்னாலும் கணவனைப் பின்னாலும் உட்காரவைத்துப் பார்த்து, ஒத்துவராமல் இடம் மாற்றிக்கொண்டிருப்பார். "கேமராப் பையையும் எடுத்துட்டு வருவீங்களா?" என்று திடீரென்று கேட்டால், ஒரு முடிவுக்கு வந்துவிட்டார் என்று அர்த்தம்.

பெண்களிடம் கேட்க அவருக்கும் பயம் உண்டு. அதனால் கேட்காமல் கண்ணாலேயே நிறுத்தார். பிறகு அதுவும் சரியில்லை என்று, கேட்பது, சொன்ன எடையோடு பத்து பவுண்டு கூட்டிக்கொள்வது என்று ஒரு முறையை வகுத்தார். "பாதுகாப்புக்காக" என்று அதற்குப் பெயர். இது அவருடைய வாயாலேயே வெளியே வந்தது. அந்த வருஷ நவராத்திரிக்கு அவர் வீட்டம்மாவுக்கு மட்டும் கொலு அழைப்புகள் வந்தன. சுண்டலைக்கூட டப்பாவில் போட்டு அனுப்பவில்லை.

அதற்கு மேலும் ஒன்று நடந்தது. எல்லார் எடையையும் மறுபடி மறுபடி கேட்பது அநாகரிகம் என்று உணர்ந்தவர், நாகரிகமாக ஒரு கூகுள் ஷீட் தயாரித்தார். பெயர், எடை, சீட், பை. சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் அதன் இணைப்பைப் போட்டார். யாரும் திறந்து பார்க்கலாம், யாரும் திருத்தலாம். அன்று இரவு பே ஏரியாவில் எத்தனை வீட்டு விளக்குகள் எரிந்தன என்று தெரியாது. ஷீட்டைத் திருத்தியவர்களின் வரலாறு மட்டும் ஷீட்டிலேயே இருந்தது. ஒருவர் தன் எடையை மூன்று தடவை குறைத்தார். ஒருவர் தன் சம்பந்தியின் எடையை ஏற்றினார். சர்க்கரை இருப்பதை வெளியே சொல்லாமல் வைத்திருந்த ஒரு மாமா "ஏன் மெலிஞ்சிட்டீங்க?" என்ற கேள்விக்கு ஊர் முழுக்கப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. மறுநாள் ஷீட் மறைந்தது. கணக்கு மறையவில்லை. இப்போது கார் டிக்கியில் ஒரு எடை மெஷின் வைத்திருக்கிறார். விமானத்தில் ஏறுவதற்கு முன் தார்த் தரையில் வைத்து, "ஷூவோட நில்லுங்க, ஷூவும் பறக்கத்தானே போகுது" என்பார்.

சரி, நின்றோம், ஏறினோம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எங்கே போகிறோம்? லிவர்மோருக்கு, கோயில் புளியோதரை சாப்பிட. இதற்கும் ஒரு பரம்பரை உண்டு. பக்கத்துத் திடலுக்குப் பறந்து போய் ஹாம்பர்கர் தின்றுவிட்டுத் திரும்புவதை அமெரிக்க விமானிகள் 'நூறு டாலர் ஹாம்பர்கர்' என்பார்கள். ஹாஃப் மூன் பே திடலிலும், கோலிங்கா பக்கம் ஹாரிஸ் ராஞ்சிலும் அதற்கென்றே போய் இறங்குகிறவர்கள் உண்டு. நம்மவர் சைவம். காரில் போனால் முக்கால் மணி நேரத்தில் சிவா விஷ்ணு கோயில் வாசல். விமானத்தில் போனால் பறப்பது இருபதே நிமிஷம்தான், அது உண்மை. அதற்கு முன்னால் இறக்கையைத் தட்டிப் பார்ப்பது, பெட்ரோலைக் குப்பியில் பிடித்து வெளிச்சத்தில் காட்டுவது, பட்டியலை உரக்கப் படிப்பது, வரிசையில் நிற்பது. பின்னால் விமானத்தைக் கயிறு போட்டுக் கட்டுவது, ஊபருக்குக் காத்திருப்பது. எல்லாம் சேர்ந்து இரண்டு மணி. போவதற்குள் புளியோதரை தீர்ந்திருக்கும்.

மறுநாள் வென்மோவில் பணம் கேட்டுச் செய்தி வரும்: 83 டாலர் 33 சென்ட். தனியார் உரிமம் வைத்திருப்பவர் பறப்பதற்குக் கூலி வாங்கக் கூடாது. செலவைப் பகிர்ந்துகொள்ளலாம், ஆனால் விமானி தன் சம பங்கையாவது கொடுத்தே ஆகவேண்டும் என்பது விதி. "என் பங்கை நான் கொடுத்திட்டேன் பாருங்க" என்பார், ஏதோ தர்மம் செய்த முகத்தோடு. ஊரில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு இந்த விதி புரிவதே இல்லை. "தம்பி இண்டிகோவா, ஏர் இந்தியாவா? சம்பளம் எவ்வளவு?" என்று போனில் கேட்கிறார்கள். பறப்பதற்கு இவர்தான் சம்பளம் கொடுக்கிறார் என்று எப்படி விளக்குவது?

சிரித்துக்கொண்டே சொல்ல முடியாத விஷயமும் ஒன்று இருக்கிறது. அந்தக் குப்பியில் பிடித்துக் காட்டும் நீல நிறப் பெட்ரோலில் ஈயம் கலந்திருக்கிறது. அமெரிக்காவில் கார்களுக்கு அதை 1996-ல் முற்றாக நிறுத்திவிட்டார்கள். சின்ன விமானங்களில் இன்னும் எரிகிறது. கிழக்கு சான் ஹோசேயில் ரீட் ஹில்வியூ திடலைச் சுற்றி அரை மைலுக்குள் வசிக்கும் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் கூடுதலாக இருப்பதை, கவுண்டி ஏற்பாடு செய்த ஆய்வு 2021-ல் காட்டியது. 2022 ஜனவரி முதல் தேதியோடு கவுண்டி அங்கே அந்தப் பெட்ரோல் விற்பனையை நிறுத்தியது. நம் கேப்டனுக்கு இதில் ஒரே வருத்தம்தான்: "இப்போ அங்கே இறங்கினா டாங்க் நிரப்ப வேற திடலுக்குப் போக வேண்டியிருக்கு." அந்தத் தெருக்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் வேறு இடத்துக்கு வீடு மாற வசதி இல்லாத குடும்பங்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் யாரும் சனிக்கிழமை புளியோதரைக்குப் பறப்பதில்லை. மாமியின் எடைக்குப் பத்து பவுண்டு பாதுகாப்பு சேர்த்துக்கொள்ளத் தெரிந்த மனுஷருக்கு, இந்தக் கணக்கு மட்டும் ஏன் ஷீட்டில் ஏறவில்லை? கேட்டால் ஆக்டேன் பற்றி அரை மணி நேரம் பேசுகிறார். கேட்பதை விட்டுவிட்டோம்.

இருந்தாலும் முழுசாகக் கோபித்துக்கொள்ள முடியாதபடி அவர் வீட்டம்மா ஒன்று சொன்னார். போன கோடையில் பாளையங்கோட்டையிலிருந்து கேப்டனுடைய அப்பா வந்திருந்தார். அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். எடையைக் கேட்டதும் கூசாமல், "அம்பத்தெட்டு. ரயில்வே ஸ்டேஷன் மெசின்ல பாத்தது. தூரதேசப் பிரயாணம்னும் சீட்டுல போட்டிருந்துச்சு" என்றாராம். மகன் விமானத்தைச் சுற்றி வந்து டயரை அழுத்திப் பார்த்து, இறக்கைமேல் எட்டி டாங்கில் குச்சி விட்டு அளந்து, எண்ணெய் பார்த்து முடிக்கும்வரை கிழவர் கையைக் கட்டிக்கொண்டு கூடவே நடந்திருக்கிறார். "நானும் டிப்போல இதத்தாம்ல முப்பது வருசம் செஞ்சேன். என்னைக்காவது ஒருத்தன் திரும்பிப் பாத்தானா?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தாராம். கோல்டன் கேட் பாலத்தின்மேல் ஒரு சுற்று. இறங்கும்வரை மகன் காற்றைப் பற்றியோ சீலிங்கைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லையாம். இந்த ஒரு கதையை அவர் எந்த விருந்திலும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் மாமிகள் உண்மையான எடையையே சொல்லியிருப்பார்கள்.

இப்போது கேப்டன் அடுத்த படிப்பில் இறங்கியிருக்கிறார். அவர் கையில் இருக்கும் உரிமம் கண்ணுக்குத் தெரியும் வானத்துக்கு மட்டும்தான். மேகத்துக்குள் நுழையக் கூடாது. ஜூன், ஜூலைக் காலைகளில் பசிபிக்கிலிருந்து மூட்டம் ஏறி வந்து திடலை மூடிக்கொள்ளும். அந்த நாட்களில் அவர் வீட்டிலேயே இருந்தார், நாங்களும் நிம்மதியாகக் காபி குடித்தோம். இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் என்று ஒன்று இருக்கிறதாம். இன்னொரு 40 மணி நேரம், வெளியே தெரியாதபடி கண்ணை மறைத்துக்கொண்டு கருவிகளை மட்டும் பார்த்துப் பழக வேண்டும். முடித்துவிட்டால் மேகத்துக்குள்ளும் போகலாம், மூட்டத்திலும் கிளம்பலாம். பாதிக்கு மேல் முடித்துவிட்டார். பே ஏரியாத் தமிழர்களுக்கு இயற்கை கொடுத்திருந்த ஒரே பாதுகாப்பும் வருகிற வருஷத்தோடு போகிறது.