நட்சத்திரம் வாங்க ஒரு விண்ணப்பம்

பெறுநர்:
மாண்புமிகு நிர்வாகத்தினர்,
பஃபலோ சேபர்ஸ் ஐஸ் ஹாக்கி அணி,
பஃபலோ, நியூயார்க் மாநிலம்.

நாள்: ஜூலை 2025

பொருள்: மறுகட்டுமானத்தில் உள்ள அணிக்கு நட்சத்திர வீரர் ஒருவரை வாங்கக் கோருதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

இளம் வீரர்களையும், புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும் வருங்கால டிராஃப்ட் வாய்ப்புகளையும் கொடுத்து ஒரு பெரிய நட்சத்திரத்தை வாங்கலாமா, இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமா என்பது நம் ஊரில் கோடைதோறும் எழும் கேள்வி. தயங்காமல் வாங்குங்கள் என்று சொல்லவே இக்கடிதம். தங்களிடம் வந்துசேரும் நட்சத்திரத்துக்கு லீக் வெற்றிக்கான ஸ்டான்லி கோப்பை ஏறக்குறைய உறுதி. என்ன, வேறு ஊரில் கிடைக்கும்.

ஆதாரம் இல்லாமல் புகழவில்லை. 2014-15 பருவத்தில் நாம் கடைசி இடம் பிடித்தோம். அந்த மார்ச் மாதம் கூடுதல் நேரத்தில் அரிசோனா அணி நமக்கு எதிராகக் கோல் போட்டபோது, நம் அரங்கிலேயே நம் ரசிகர்கள் ஆரவாரம் செய்தார்கள். தோற்றால்தானே டிராஃப்டின் முதல் தேர்வில் இளம் நட்சத்திரம் கானர் மெக்டேவிட் கிடைப்பார்! ஆனால் முதல் தேர்வு குலுக்கலில் எட்மண்டனுக்குப் போனது. நமக்கு ஜாக் ஐக்கல் வந்தார். அதே கோடையில் கொலராடோவிடமிருந்து ரயன் ஓ'ரைலியை வாங்கினீர்கள். முந்தைய ஆண்டு டிராஃப்டில் எடுத்த சாம் ரைன்ஹார்ட்டும் கையில் இருந்தார். ஆக, மூன்று நட்சத்திரங்கள்.

பிறகு நடந்தது வரலாறு. 2018-இல் ஓ'ரைலியை செயின்ட் லூயிஸுக்கு அனுப்பினீர்கள். மறு ஆண்டே கோப்பை, பிளே-ஆஃபின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே. 2021-இல் ஐக்கல் வேகஸுக்குப் போனார், 2023-இல் கோப்பை. அதே 2021-இல் ஃபுளோரிடாவுக்குப் போன ரைன்ஹார்ட்டுக்கு 2024-இலும் 2025-இலும் கோப்பை. ஓ'ரைலிக்கு விலையாகக் கொலராடோவுக்குக் கொடுத்தவர்களில் ஒருவரான ஜே. டி. காம்ஃபர்கூட 2022-இல் அங்கே கோப்பையைத் தூக்கிவிட்டார். வாங்கிய சரக்கும் ஜெயிக்கிறது, விலையாகக் கொடுத்ததும் ஜெயிக்கிறது. உலகில் எந்த வணிகருக்கு ஐயா இந்தக் கைராசி வாய்க்கும்?

ஜெஃப் ஸ்கின்னர் விஷயத்தில்தான் சறுக்கல். 8 ஆண்டுக்கு 7.2 கோடி டாலர் என்று 2019-இல் ஒப்பந்தம் போட்டு, 5 ஆண்டில் பணம் கொடுத்தே வெளியே அனுப்பினீர்கள். எட்மண்டனுக்குப் போனவர், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடிய பிறகு, வாழ்வில் முதன்முறையாகப் பிளே-ஆஃபைக் கண்டார். அணி இறுதி வரை போயும் கோப்பை இல்லை. குறுக்கே நின்றது யார்? கடைசி ஆட்டத்தில் நான்கு கோல் அடித்த நம் ரைன்ஹார்ட்.

இதற்கிடையே 2024-25 பருவத்தோடு நம் பஃபலோ பிளே-ஆஃபை எட்டாமல் 14 பருவங்கள் ஆகின்றன. லீக்கிலேயே இது சாதனை. கடைசியாக எட்டிய 2011-இல் பயிற்சியாளர் லிண்டி ரஃப். 2013-இல் அவரை நீக்கி, அடுத்தடுத்து ஆறு பேரைப் பார்த்துவிட்டு, 2024-இல் மீண்டும் ரஃபையே அழைத்துவந்தீர்கள். மறுகட்டுமானம் என்றால் இதுதான்: இடித்த சுவரையே தேடிப்பிடித்துத் திரும்ப வைப்பது.

வீரர்கள் இங்கே வரத் தயங்குவது ஏன் என்பதற்குத் தங்கள் பொது மேலாளர் 2024 டிசம்பரில் விளக்கம் தந்தார்: இங்கே பனைமரங்கள் இல்லை, வரியோ அதிகம். உடனே ரசிகர்கள் காற்றடைத்த பனைமரங்களோடு அரங்குக்கு வந்தார்கள். ஓ'ரைலி கோப்பை வென்ற செயின்ட் லூயிஸிலும் அந்த மரங்கள் வளர்வதில்லை என்பதைச் சொல்லி அந்த விளக்கத்தைக் கெடுக்க விரும்பவில்லை.

சில விஷமிகள் வேறு மாதிரி பேசுகிறார்கள். வேகஸ் ஐக்கலை வாங்கியபோது அது ஏற்கனவே ஓர் இறுதிப்போட்டி ஆடியிருந்த அணி, அதற்குக் குறைவாக இருந்தது ஒரு நட்சத்திரம்தான். நமக்கோ குறைவது நட்சத்திரம் தவிர மற்ற எல்லாமும் என்கிறார்கள். தற்காப்பும் கோல்கீப்பரும் நடுத்தர வீரர்களும் தேறிய பிறகு கடைசியாக வாங்க வேண்டியதை முதலில் வாங்கினால், வந்தவர் தோல்வியில் சலித்து வெளியேறத்தான் கேட்பார் என்கிறார்கள். ஓ'ரைலியை விற்றதில் வந்த டேஜ் தாம்ப்சன் 2022-23-இல் 47 கோல் அடித்ததையும், பொறுமை வேலை செய்ததற்குச் சான்றாக நீட்டுகிறார்கள். செவிசாய்க்க வேண்டாம் ஐயா. பொறுமை டிக்கெட் விற்காது.

ஆகவே வாங்குங்கள். ஒரேயொரு கோரிக்கை. கோப்பை வென்ற அணியின் ஒவ்வொரு வீரரும் கோடையில் ஒரு நாள் அதைத் தன்னோடு வைத்துக்கொள்வது மரபு. புது நட்சத்திரத்தை விற்கும் நாளில், அவருடைய அந்த ஒரு நாளில் அரை நாளை நம் பெயருக்கு எழுதி வாங்கிவிடுங்கள். 1970-இல் தொடங்கிய நம் அணி இதுவரை வெல்லாத கோப்பையை, காலை ஒன்பது மணி முதல் பகல் ஒரு மணி வரையாவது பஃபலோ மக்கள் வரிசையில் நின்று பார்த்துக்கொள்வோம். நுழைவுக் கட்டணம் தங்கள் விருப்பம்.

இப்படிக்கு,
தங்கள் பொறுமைமிக்க சீசன் டிக்கெட்தாரர்