பம்புக்கும் ஆயில் உண்டா? அருள்புரம் வட்டாரத்து பிரஷர் வாஷர் தத்துவம்: ஓர் ஆய்வு

திருப்பூரிலிருந்து பல்லடம் போகும் சாலையில் இருக்கும் அருள்புரம், பனியன் வரலாற்றில் பெற்ற இடத்தைத் தத்துவ வரலாற்றில் இன்னும் பெறவில்லை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுப் பொருள், பெட்ரோலில் ஓடும் பிரஷர் வாஷர். ஆய்வுக் களம், வொர்க்‌ஷாப் வாசல். ஆய்வு முறை, பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தல்.

தோற்றம் பற்றி ஒரு வரி போதும். 1950-இல் ஜெர்மனியின் கெர்ஷர் நிறுவனம் ஐரோப்பாவின் முதல் வெந்நீர் உயர் அழுத்தக் கழுவியைச் செய்தது. பல்லடத்துக்கு அந்த வம்சம் தேவைப்பட்டதற்குக் காரணம் கோழி. கறிக்கோழி ஒரு பேட்ச் வளர ஏறக்குறைய 40 நாள். கோழி ஏற்றி முடிந்ததும் எருவை அள்ளி, ஷெட்டைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, அடுத்த குஞ்சு இறக்க வேண்டும். தோட்டத்து மின்சாரத்தை நம்ப முடியாதவர்கள் பெட்ரோல் எஞ்சினை நம்பினார்கள். 150 பார் அழுத்தம் என்பது ஒன்றரைக் கிலோமீட்டர் உயர நீர்த்தம்பத்தின் அடியில் இருக்கும் அழுத்தம். நாசிலை விட்டுக் கிளம்பும் நீர், கணக்குப்படி மணிக்கு 600 கிலோமீட்டரைத் தாண்டும். கோழி எச்சம் அதற்கு மேலும் பிடிவாதம் காட்டுவதில்லை.

இனி மூலப் பிரச்சினை. இந்த இயந்திரம் ஒன்றா, இரண்டா?

அத்வைதிகள் பெரும்பான்மையினர். எஞ்சினும் பம்பும் ஒரே சட்டத்தில், ஒரே ஷாஃப்டில், ஒரே பில்லில் வந்தவை. ஆகவே ஒன்றே என்பது இவர்கள் கட்சி. எஞ்சினில் ஆயில் ஊற்றினால் பம்புக்கும் ஊற்றியதாகக் கணக்கு. துவைதிகளோ, எஞ்சின் வேறு, பம்பு வேறு, இரண்டுக்கும் ஆயில் வேறு என்பார்கள். ஷாஃப்டால் இணைந்திருந்தாலும் எண்ணெய் கலவாது என்னும் விசிஷ்டாத்வைதி ஒருவரும் உண்டு, அவர் மெக்கானிக். ஆயில் மாற்றவே வழியில்லாமல் சீல் வைத்து வரும் சிறு பம்புகள் பிறவி ஞானிகள். அவை விவாதத்துக்கு வெளியே.

துவைதிகள் கையில் இருக்கும் பிரமாணம் பம்பின் பக்கவாட்டில் உள்ள சிறு கண்ணாடி. நாணய அளவு வட்டம், நடுவில் ஒரு புள்ளி. ஆயில் அந்தப் புள்ளி மட்டத்துக்கு நிற்க வேண்டும். ஒரு நாள் பண்ணைக்காரர் ஒருவர் கொண்டுவந்த மிஷினின் கண்ணாடியை மெக்கானிக் பனியன் வேஸ்டால் துடைத்தார். உள்ளே மோர் நிறத்தில் ஏதோ தெரிந்தது.

“தண்ணி உள்ள எறங்கிருச்சுங்க. சீல் போச்சு. பம்பு ஆயில் எப்பங்க மாத்துனீங்க?”

“ஏனுங், பம்புக்குத் தனியா ஆயிலுங்களா?”

நூற்றாண்டுகளாக நடக்கும் வாதம் இவ்வளவு சுருக்கமாக வேறெங்கும் முடிந்ததாகத் தெரியவில்லை.

மூலநூலான மேனுவலை எடுத்துக்கொண்டால் உரை வேறுபாடுகள் மிகுதி. இவ்வகைச் சிறு எஞ்சின்களுக்குப் பொதுவாக முதல் ஆயில் 20 மணி நேரத்தில், பிறகு 100 மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை, எது முந்துகிறதோ அது. ஆண்டுக்கு ஆறு பேட்ச், பேட்சுக்குப் பத்து மணி நேரம் ஓட்டம் என்று வைத்தால் நூறை எட்ட ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகும். எனவே ‘ஆறு மாதம்’ என்ற பகுதியை இடைச்செருகல் என்றே இவ்வட்டார உரையாசிரியர்கள் கொள்கிறார்கள். எப்படியும் மணி காட்டும் மீட்டர் மிஷினில் இல்லை. நடைமுறையில் உள்ள ஒரே கால அளவை ஆயுத பூஜை. அன்று எஞ்சினுக்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் உண்டு. பம்புக்கு அன்றும் பொட்டு கிடையாது.

ஏர் ஃபில்டரில்தான் அருள்புரத்தின் தனித்தன்மை தெரியும். மேனுவல் எழுதியவர் தூசியை அறிவார். பனியன் பஞ்சை அறியார். ஃபில்டர் மூடியைத் திறந்தால் மேலே பஞ்சு, அடியில் கோழி இறகுத் துகள், இரண்டையும் ஒட்டிவைக்கும் எண்ணெய்ப் பிசுக்கு என்று அடுக்கடுக்காக வரும். இவ்வட்டாரத்தின் இரண்டு தொழில்களும் அதில் படிந்திருக்கும். ஸ்பாஞ்சை சோப்புத் தண்ணீரில் அலசி, காயவைத்து, ஆயிலில் நனைத்துப் பிழிந்து போடலாம். காகித ஃபில்டரைத் தட்டி எடுப்பதோடு சரி. அதையும் இதே மிஷினால் கழுவுவது தற்சோதனை வகையைச் சேர்ந்தது, காகிதம் மிஞ்சுவதில்லை.

தண்ணீர் விஷயத்தில் ஊருக்கு அனுபவம் போதாது என்று யாரும் சொல்ல முடியாது. 2011 ஜனவரி 28-இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, உப்பையும் தண்ணீரையும் பிரிப்பதில் இவ்வட்டாரம் பட்டம் வாங்காத குறை. அருள்புரத்திலேயே பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. ஆனால் பிரஷர் வாஷருக்கு மட்டும் போர் தண்ணீர்தான். வேலை முடிந்ததும் இரண்டு நிமிடம் நல்ல தண்ணீர் விட்டு ஓட்டினால் வால்வில் உப்புப் பூக்காது. நல்ல தண்ணீரை மிஷினுக்கு ஊற்றுவதா என்ற தார்மிகக் கேள்விதான் குறுக்கே நிற்கிறது.

பம்பின் முதல் எதிரி செல்போன். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, துப்பாக்கியின் விசையை விட்டால் தண்ணீர் வெளியே போகாமல் பம்புக்குள்ளேயே சுற்றிச் சூடேறும். இரண்டு மூன்று நிமிடம் தாங்கும். பல்லடத்திலிருந்து வரும் அன்றைய கோழி விலையைப் பற்றிய பேச்சு அதற்குள் முடிந்ததாக வரலாறில்லை. சூடு 60 டிகிரியை நெருங்கும்போது, வால்வு உள்ள பம்புகள் வெந்நீரைக் கீழே விட்டு எச்சரிக்கும். விலை இறங்கிய நாளில் அதைக் கவனிப்பார் இல்லை.

இத்தனைக்கும் மேலான சிக்கல், மிஷின் ஓடாத 40 நாள். 2025-இல் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். கார்புரேட்டரில் தேங்கிய பெட்ரோல் பிசினாகும், அடியில் தண்ணீர் தங்கும். பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டால் போதும். செய்யாதவர்கள் அடுத்த பேட்சுக்குக் கயிறு இழுப்பார்கள். துப்பாக்கி விசையை அழுத்தி உள்ளே அடைபட்ட அழுத்தத்தை விடாமல் இழுத்தால் கயிறு எதிர்த்து இழுக்கும். தோள்பட்டை வழியே பெறப்படும் இந்த அறிவை அனுபவப் பிரமாணம் என்பர்.

சீல் மாற்றிய அந்த மிஷினுக்கு வருவோம். பண்ணைக்காரர் துவைதியாக மாறி, பம்பு ஆயில் ஒரு லிட்டர் டப்பா வாங்கிவந்தார். பம்பு அரை லிட்டர்கூடக் கொள்ளவில்லை. மீதியை வீணாக்க மனம் வராமல் எஞ்சினில் ஊற்றினார். அத்வைதிகள் வெடி வெடித்துக் கொண்டாடினார்கள்.