ஈயத்தைப் பார்த்து இளித்தவன்

பெங்களூரில் பகலெல்லாம் கோடு தட்டுகிறவனுக்குக் கையால் எதையாவது செய்யும் ஆசை வரும். சிலர் ரொட்டி சுடுவார்கள். நான் மின்சுற்றுகளைக் கோத்து ஒலி எழுப்பும் மாடுலர் சின்தசைசர் செய்யக் கிளம்பினேன். தயாராக வாங்கினால் விலை அதிகமாம். அந்தச் சிக்கனத்தில் எஸ்.பி. ரோட்டில் சால்டரிங் அயன், மல்டிமீட்டர், ஈயம் உறிஞ்சும் பம்ப் என்று பை நிறைய வாங்கினேன்.

“என்ன ரிப்பேர் சார்?”

“இசைக்கருவி.”

கடைக்காரர் பரிதாபப்பட்டு அஞ்சு ரூபாய் குறைத்தார்.

அறுபதுக்கு நாற்பது என்று வெள்ளீயமும் காரீயமும் கலந்த கம்பி சுமார் 190 டிகிரியில் உருகும். பாகத்தின் காலையும் செம்புத் திட்டையும் முதலில் சூடாக்கி, பிறகுதான் கம்பியைக் காட்ட வேண்டும். நான் அயன் முனையில் உருக்கிச் சொட்டினேன். ஈயம் ஒட்டாமல் மணத்தக்காளிப் பழமாக உருண்டு நின்றது.

1969-இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு மூக் சின்தசைசரைக் கொண்டுவந்த அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் தயாராகவே கொண்டுவந்தார். விவரமானவர்.

மூன்று வாரம் கழித்து ஒலியை எழுப்பும் என் ஆஸிலேட்டர் வாய் திறந்தது. ஜன்னலைத் திறந்து வெப்பம் மாறினால் சுருதி நகர்ந்தது. எங்கள் பெங்களூர் ரேடல் நிறுவனத்தின் எலக்ட்ரானிக் தம்புரா பக்கத்து வீட்டில் ஆடாமல் அசையாமல் பாடிக்கொண்டிருந்தது.

உள்ளேயிருந்து அம்மா: “டேய், மிக்ஸி காலியா ஓடுது பாரு, நிறுத்து!”