தெரிவு செய்பவனே இசையமைப்பாளன்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் இன்று இசையமைப்பாளர்களுக்குப் பஞ்சமில்லை. கல்லடியிலும் இருக்கிறார்கள், ஆரையம்பதியிலும் இருக்கிறார்கள். படுவான்கரைப் பக்கம் போனால் ஊருக்கு ஒருவராவது மடிக்கணினியும் ஹெட்போனுமாக அகப்படுவார். பாட்டுகள்தாம் குறைவு. இதை ஒரு குறையென்று சொல்கிறவர்களுக்கு இசை பற்றி ஒன்றும் தெரியாது. பாட்டுப் போடுவது யாராலும் ஆகிற காரியம். பகலெல்லாம் வயலில் நின்றுவிட்டு வந்த கூத்து அண்ணாவிமார்கூட இரவில் மத்தளத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு விடியும்வரை அதைச் செய்திருக்கிறார்கள். எந்த மென்பொருளில் பாட்டுப் போடுவது என்று முடிவெடுப்பதல்லவா அறிவாளியின் வேலை! அந்த வேலையில் எங்கள் தம்பிமார் காட்டும் பொறுமையை வாழ்த்தாமல் இருப்பது பாவம்.

முந்தி இந்த வசதி ஏது? ஊருக்கு ஓர் ஆர்மோனியம், அதுவும் பஜனை மடத்துக்குச் சொந்தமானது. தெரிவு செய்ய ஒன்றுமில்லாத காரணத்தால் பாவம், வாசித்துத் தொலைத்தார்கள். 1996இல் ஜெர்மனியின் ஸ்டைன்பேர்க் நிறுவனம் தனது கியூபேஸ் மென்பொருளுக்குள் எதிரொலி போன்ற ஒலிச்சீர்க் கருவிகளைப் பிளகினாகச் செருகும் வழியைக் கொண்டுவந்தது. 1999இல் அதே வழியால் வாத்தியங்களையே செருகலாம் என்று ஆக்கியது. அன்று திறந்த கதவால் உலகத்து வாத்தியங்கள் எல்லாம் வரிசையாக வந்து, இன்று தாண்டவன்வெளியில் ஓர் அறைக்குள் அடுக்கடுக்காக இருக்கின்றன. எதையும் யாரும் வாசிக்கவில்லை என்பதால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் தொந்தரவில்லை.

ஒரு தம்பியின் தெரிவைக் கிட்ட இருந்து பார்க்கும் பேறு எனக்கு வாய்த்தது. முதலில் ரீப்பரைப் பார்த்தார். அறுபது நாள் சும்மா பாவித்துப் பார், பிறகு தனியாள் என்றால் 60 டொலர் கட்டு என்கிறது அது. கட்டாவிட்டாலும் கதவைச் சாத்துவதில்லை. திறக்கும்போதெல்லாம் நினைவூட்டுவதோடு சரி. இறக்கும் கோப்பும் சின்னது, பழைய கணினியிலும் ஓடும். இவ்வளவு நாணயமான ஒன்றை எப்படி நம்புவது? முகப்பு வடிவில்லை என்று தம்பி ஒதுக்கிவிட்டார். சரிதானே, ஊர்ச்சனம் மென்பொருளின் முகப்பைப் பார்த்துத்தானே பாட்டைக் கேட்கிறது.

அடுத்து எஃப்.எல். ஸ்டூடியோ. இதன் சோதனைப் பதிப்பை நான் ஒரு ஞானநூலாகவே மதிக்கிறேன். செய்த வேலையைச் சேமிக்க விடும். மூடிவிட்டு மறுநாள் அதையே திறக்கப் போனால் காசு கேட்கும். செய்தது இருக்கிறது, ஆனால் உனக்கில்லை. இதைச் சொல்வதற்குப் பட்டினத்தாருக்கு எத்தனை பாட்டு வேண்டியிருந்தது! ஒருமுறை வாங்கினால் வாழ்நாள் முழுதும் புதிய பதிப்புகள் இலவசம் என்று அந்தப் பெல்ஜியக்காரர்கள் வாக்குக் கொடுக்கிறார்கள். வாழ்நாள் முழுதும் என்றால் எவ்வளவு காலம் என்று தெரியவில்லையே என்று தம்பி தயங்கினார். முன்யோசனைக்காரர்.

லொஜிக்கோ ஏறத்தாழ 200 டொலர்தான். வாத்தியக் குவியல் ஒன்றும் கூடவே வருகிறது. ஆனால் அப்பிள் கணினி வேண்டும், அது தம்பியிடம் இல்லை. ஆகவே லொஜிக்கை அவர் மனமார நேசிக்கிறார். அவருடைய மிகச் சிறந்த பாடல்கள் எல்லாம் அந்த மென்பொருளில்தான் இருக்கின்றன.

கடைசியில் முகந்தெரியாத கொடையாளி ஒருவர் பூட்டுடைத்து இணையத்தில் போட்டிருந்த ஒரு பெரும் பொதியை, இரவுக்கணக்கு டேட்டாவில், கோழி கூவும்வரை விழித்திருந்து இறக்கினார். அதற்குள் கொன்டாக்ட் என்ற வாத்திய மென்பொருளின் முழுப்பதிப்பும் இருந்தது. காசு கொடுத்தால் 300 டொலர் அளவில் வரும், ரூபாவில் தொண்ணூறாயிரம். 2022இல் ரூபா விழுந்த விழுகைக்குப் பிறகு யாரைத்தான் குறை சொல்வது? ஆனாலும் வாய் சும்மா இராமல், கொன்டாக்ட் பிளேயர் இலவசம், சேர்ஜ் இலவசம், வைட்டலுக்கும் இலவசப் பதிப்பு உண்டு, அவற்றைப் பாவித்தால் என்ன என்று கேட்டுவிட்டேன்.

“சும்மா தாறதுல என்ன கா இரிக்கும்?” என்றார்.

பதில் சொல்ல முடியவில்லை. மனமுவந்து கொடுப்பதில் ருசியில்லை, களவாடியதில்தான் தரம் இருக்கிறது என்ற இந்த நுட்பம் எனக்குப் பிடிபட இவ்வளவு வயதாகியிருக்கிறது. பொதியோடு கூட வந்த வைரஸ் அவருடைய கல்யாணவீட்டுப் படங்களையும் திருப்பிக் கேட்க முடியாத இடத்துக்கு அனுப்பிவைத்தது. இலவச இணைப்பு என்று அதைத்தான் சொல்ல வேண்டும்.

இனி வாத்தியங்களுக்கு வருவோம். லண்டனில் மைடா வேல் ஸ்டூடியோவில் பிபிசி சிம்பொனி இசைக்குழுவை உட்கார்த்திப் பதிந்த ஒலிகள் தம்பியிடம் உண்டு. அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் மீது பக்திப்பாடல் செய்தால் ஆடி அமாவாசைத் தீர்த்தத்தில் பிரெஞ்சு ஹோர்ன் முழங்கும். கண்ணகை அம்மன் குளிர்த்திக்கு இருபது செல்லோ அழும். அம்மனுக்கு உடுக்கு மட்டும் அடித்துச் சலிப்பூட்டிய காலம் ஒழிந்தது. கண்ணகை மதுரையை எரித்தபோது பின்னணியில் செல்லோ இல்லாத குறையை இப்போதாவது தீர்த்தார்களே.

இந்தத் தாராளமனம் நேற்று வந்ததல்ல. 1991இல் ஜெனரல் மிடி என்ற பொதுவிதி வந்தது. எந்த நாட்டுக் கீபோர்டிலும் ஒரே எண்ணுக்கு ஒரே வாத்தியம் ஒலிக்க வேண்டும் என்று உலகத்துக்கே பொதுவாக 128 ஒலிகளைப் பட்டியலிட்டார்கள். 105ஆவது சிதார். 112ஆவது ஷெனாய். தாளத்துக்குத் தனியாக 47 ஓசைகள். அவற்றில் பிரேசிலின் குயிக்கா உண்டு, மாட்டு மணி உண்டு, விசில் இரண்டு விதமாக உண்டு. மிருதங்கம் இல்லை, தவில் இல்லை, உடுக்கு இல்லை. ஆனால் எங்களை மறந்துவிட்டார்கள் என்று யாரும் மனம் நோகக்கூடாது. அந்த 128இல் 126ஆவது ஹெலிகொப்டர், 128ஆவது துப்பாக்கி வெடி. 1991இல் மட்டக்களப்பில் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு நீ நாளும் கேட்கும் ஓசைகள் எவை என்று கேட்டிருந்தால் வேறென்ன சொல்லியிருக்கும்? இடையில் 127ஆவதாகக் கைதட்டலையும் வைத்திருக்கிறார்கள். அது யாருக்கென்று விளங்கவில்லை.

இன்று நிலைமை எவ்வளவோ முன்னேறிவிட்டது. ‘இந்தியா’ என்று பெயரிட்ட பொதிகள் விற்பனைக்கு வருகின்றன. தபலா, டோலக், சிதார், பன்சூரி எல்லாம் அழகாகப் பதிந்திருக்கிறார்கள். மிருதங்கம் வைத்திருக்கும் பொதிகளும் உண்டு. கூத்து மத்தளத்தை நான் பார்த்த பொதிகளில் காணவில்லை, சல்லாரியைக் காணவில்லை, பறைமேளத்தோடு ஊதும் சொர்ணாளியையும் காணவில்லை. காத்தான்குடியில் தட்டும் றபானும், பறங்கியர் கல்யாண வீட்டில் கபரிஞ்ஞாவுக்கு வயலின் இழுக்கும் இழுப்பும் அப்படியே. இல்லாததைத் தேடி அலைவானேன்? தம்பி தபலாவைப் போட்டுவிட்டு அந்தத் தடத்துக்கு ‘பறை’ என்று பெயர் எழுதினார். பெயர் எழுதியதும் ஓசையே மாறிவிட்டது போலிருந்தது, அவருக்கு.

கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சி. மௌனகுரு இந்த எளிய வழி தெரியாமல்தான் இன்னிய அணி என்று ஒன்றை உருவாக்கினார் போலும். கோட்டும் சூட்டுமாக பேண்ட் வாத்தியம் போன இடத்தில் பறையையும் உடுக்கையும் சங்கையும் மனிதர்களிடம் கொடுத்து நடக்கவைத்தார். மனிதர்களுக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும், ஒத்திகைக்கு நேரத்துக்கு வரமாட்டார்கள். பிளகினுக்கு அந்தக் கரைச்சல் எதுவுமில்லை.

தாள விஷயத்தில் மென்பொருள் எங்களைத் திருத்தியே விட்டது. புதிய கோப்பைத் திறந்தால், பெரும்பாலான மென்பொருள்கள் நிமிடத்துக்கு 120 தட்டு, நான்குக்கு நான்கு என்று கோடு போட்டு வைத்துக்கொண்டு காத்திருக்கும். வடமோடிக் கூத்தில் அரசன் களரிக்குள் வரும்போது அண்ணாவியார் மத்தளத்தை அவன் காலைப் பார்த்து அடிப்பார். ஆட்டம் ஏறினால் ஏற்றுவார், மூச்சு வாங்கினால் இழுத்துப் பிடிப்பார். இதெல்லாம் ஒழுங்கீனம். குவாண்டைஸ் என்றொரு பொத்தான் இருக்கிறது. அமுக்கினால் முன்னே பின்னே விழுந்த அடிகள் அத்தனையும் அருகிலுள்ள கோட்டில் போய் நிற்கும். ஒரு கிழவனின் அறுபது வருஷப் பழக்கத்தை ஒரு விரலால் நேராக்கிவிடலாம். அடியின் கனத்துக்கும் 1 முதல் 127 வரை எண் வைத்திருக்கிறார்கள். உடுக்கின் இடுப்புக் கயிற்றை அமுக்கும்போது அடி விழுந்த பின்னும் சுருதி ஏறி இறங்குமே, அதற்கு எந்த எண் என்று கேட்கிறவர்கள் வேலையில்லாதவர்கள். தம்பி எல்லா அடிக்கும் 100 கொடுத்துவிட்டார். பாரபட்சம் பார்க்காத மனிதர்.

தெரிவுக் கலையே அறியாத ஒருவர் இந்தப் பக்கம் இருந்தார் என்பதை வெட்கத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. 1892இல் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள். லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. அப்படிப்பட்டவர் கையில் கிடைத்த ஆர்மோனியத்தோடு திருப்திப்பட்டிருக்கலாம். அதைவிட்டு, எவருமே வாசிக்காத யாழைத் தேடிப் பழைய நூல்களுக்குள் இறங்கி, ஸ்தாயி ஒன்றுக்கு இருபத்திரண்டு அலகு, ஒவ்வோர் அலகுக்கும் என்ன விகிதம் என்று பல்லாண்டு கணக்குப் போட்டார். 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் யாழ்நூல் அரங்கேறியது. ஜூலையில் அவர் காலமானார். வாவியில் கேட்கும் மீன்பாட்டைப் பற்றியும் ‘நீரர மகளிர்’ என்று பாடிவைத்திருக்கிறார். இவ்வளவு மினக்கெட்டதற்குப் பலனாகக் கல்லடியில் அவர் பெயரில் அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. தம்பி நாள்தோறும் அந்த வாசலால் மோட்டார் சைக்கிளில் போகிறார். காதில் ஹெட்போன்.

ஸ்தாயியைப் பன்னிரண்டு சம துண்டாக வெட்டி, துண்டுக்கு 100 சென்ட் என்று முடித்துவிட்ட கீபோர்ட் இருக்கும்போது இருபத்திரண்டு எதற்கு? இலவசமாகக் கிடைக்கும் சேர்ஜுக்குள் ஸ்காலா என்ற சிறு எழுத்துக்கோப்பைப் போட்டால் எந்தச் சுருதிக் கணக்கையும் ஏற்கும். அடிகளாரின் விகிதங்களை வரிக்கு ஒன்றாகத் தட்டெழுதினால் போதும், பின்னேரத் தேநீருக்குள் முடிகிற வேலை. நல்லவேளையாக அந்த வழியைத் தம்பி இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

எனக்குள்ள பயம் வேறு. சில விளையாட்டுப் பிள்ளைகள் தெரிவை நடுவழியில் விட்டுவிட்டு வேறு காரியத்தில் இறங்கக்கூடும். அவர்களை எச்சரிக்கவேண்டியது என் கடமை.

எந்தக் காரணத்தைக் கொண்டும் அண்ணாவியார் வீட்டுக்குப் போகாதீர்கள். போனாலும் மைக் கொண்டு போகாதீர்கள். ஓரளவு நல்ல கைபேசிகூட ஆபத்துத்தான். சுவரில் எதிரொலிக்காமல் நாலு சேலையைத் தொங்கவிட்டு, மத்தளத்தின் ஒவ்வொரு சொல்லையும் மெல்ல, நடுத்தரமாக, ஓங்கி என்று மூன்று கனத்தில் அடிக்கச் சொல்லி, ஒவ்வொன்றையும் நாலு தரம் பதிந்துவிடாதீர்கள். ஒரே அடி திரும்பத் திரும்ப ஒலித்தால் இயந்திரம் என்று காது கண்டுபிடித்துவிடும். நாலு பதிவு மாறி மாறி வந்தால் கண்டுபிடிக்காது. அந்த வாவ் கோப்புகளை வெட்டி, எஸ்.எஃப்.இசட். என்ற வெறும் எழுத்துக்கோப்பில் எது எந்தக் கட்டைக்கு என்று எழுதினால், ஸ்ஃபோர்சாண்டோ என்ற இலவச மென்பொருள் அதை வாத்தியமாக்கி விடும். பிறகு உலகத்தில் எந்தக் கடையிலும் இல்லாத வாத்தியம் ஒன்று உங்களிடம் இருக்கும். அதன் பெயரைச் சொல்லி மற்றவர்களிடம் பெருமையடிக்க வழியில்லை, ஒருவருக்கும் தெரியாதே. அண்ணாவியாரின் பெயரைப் போட வேண்டிவரும். அவருக்குக் காசும் கொடுக்க வேண்டிவரும். களவெடுத்த பொதியில் இந்தச் செலவே இல்லை.

கல்லடிப் பாலத்தடிக்கும் போகாதீர்கள். போயா இரவில் தோணி விட்டு, துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் வைத்து மறு நுனியைக் காதில் வைத்து மீன்பாட்டுக் கேட்கும் பழக்கம் உங்கள் பெத்தப்பாக்களோடு போகட்டும். கடந்த நூற்றாண்டின் நடுவில் அமெரிக்க இயேசு சபைக் குருவான அருட்தந்தை லாங் அந்த ஓசையைப் பதிந்து, அது இலங்கை வானொலியிலும் போனது. அவரிடம் பிளகின் இருந்திருந்தால் அந்தப் பாடு பட்டிருக்கமாட்டார். சில நூறு ரூபாவுக்குக் கிடைக்கும் பியேசோ வட்டொன்றில் வயரை ஒட்டி, தண்ணீர் புகாமல் ரப்பர்ப் பசையால் மூடி இறக்கினால் நீருக்கடியில் கேட்கும் ஓர் ஒலிவாங்கி ஆகிவிடும் என்பதை நான் உங்களுக்குச் சொல்லவில்லை.

ஏனென்றால் இப்படியெல்லாம் செய்தால் பாட்டு முடிந்துவிடும். முடிந்த பாட்டை ஒலிபெருக்கியில் போடுவார்கள். போட்டால் கொக்கட்டிச்சோலையிலிருந்தோ மண்டூரிலிருந்தோ ஒரு பெத்தா கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து, “இது நம்மட வசந்தன் மெட்டெல்லோ மனே, ரெண்டாம் தரம் இறக்கிற இடத்துல பிழைச்சுப் போட்டாய், மறுகா ஒருக்காப் போடு பாப்பம்” என்று சபையில் வைத்துச் சொல்லக்கூடும்.

தம்பிக்கு அந்தக் கவலை இல்லை. போன கிழமை விசாரித்தேன். கியூபேஸில் புதிய பதிப்பு வந்திருக்கிறதாம், முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுப்பாராம்.