மகர மெய்யும் மனத்தாங்கலும்: உம் கொட்டுதல் குறித்து ஓர் ஆய்வு

மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை என்று நம் இலக்கணத்தார் வகுத்தனர். மாத்திரையாவது கண் இமைக்கும் நேரம், அல்லது கை நொடிக்கும் நேரம். எனவே 'ம்' என்பது அரை இமைப்பு. மகரக்குறுக்கத்தில் அது கால் மாத்திரையாகத் தேயும். செய்யுளில் ஓசை குறையுமிடத்து ஒற்றளபெடையாக நீளும். இத்தனை நுட்பம் கண்டவர்கள், போனில் அம்மாக்கள் கொட்டும் 'ம்'மை மட்டும் அளக்காமல் விட்டனர். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அன்று போன் இல்லை.

ஆய்வுக்களம்: திருநெல்வேலியில் தாய், புனேயில் மகன். ஆய்வுப்பொருள்: "பொங்கலுக்கு லீவு கிடைக்கலம்மா."

இதைப் போனில் சொன்னால் முதலில் ஒரு குட்டை 'ம்' விழும். செய்தி சேர்ந்தது என்க. "டிக்கெட்டும் வெயிட்டிங் லிஸ்ட்தான்" என்றதும் வருவது மேலேறும் 'ம்'; அம்மா நம்பவில்லை. பிறகு மூக்கின் வழியே இரண்டு மாத்திரைக்குக் குறையாமல் ஒன்று இறங்கும். அதன் வாலிலேயே, "சரி, என்னத்தச் சாப்ட்ட?" என்ற கேள்வி ஒட்டிக்கொண்டு வரும். வழக்கு தள்ளுபடி.

அதே செய்தியை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பதில்: 'ம்'. அவ்வளவுதான். இங்கே மூலம் முடிந்து உரைகள் தொடங்குகின்றன. சம்மதம் என்பது அண்ணன் உரை. அண்ணி அதை மறுப்பார்: எழுத்தின் தலையில் புள்ளி உண்டு, வரியின் முடிவில் இல்லை, ஆகவே அத்தை இன்னும் பேசி முடிக்கவில்லை என்பது அவர் துணிபு. கண்ணாடி போடாமல் கை பட்டிருக்கும் என்பார் அப்பா. நீல டிக் விழுந்து ஒரு மணி நேரம் ஆயிற்று என்று மகன் கலங்குவான். 2014-இல் அந்த நீல டிக்கைக் கொண்டுவந்தவர்களுக்குக் குடும்பம் இருந்ததா என்பது தனி ஆய்வுக்குரியது. மூலநூலாசிரியரோ அந்நேரம் அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தார்.

அறிவியலாரும் இவ்வழியே வந்திருக்கிறார்கள். மின்னஞ்சலில் எழுதிய கிண்டல் படிப்பவருக்குப் புரிந்துவிடும் என்று எழுதியவர் அளவுமீறி நம்புகிறார் என க்ரூகர், எப்லி குழுவினர் 2005-இல் காட்டினர். விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், அந்நியர்முன் பேசியும் கணக்குப் போட்டும் பதறிய சிறுமிகளில் சிலர் அம்மாவிடம் போனில் பேசினர். சிலர் தட்டச்சில் உரையாடினர். பேசியவர்களுக்குப் பதற்றச் சுரப்பான கார்டிசால் இறங்கியது. தட்டச்சுச் செய்தவர்களுக்கு அம்மாவே கிடைக்காதது போல அப்படியே இருந்தது.

பழைய லேண்ட்லைனில் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் ஒலி போகும். பெண்குரலின் அடிச்சுருதி ஏறத்தாழ 200. அது கம்பியில் வராது. வந்த மேற்சுருதிகளை வைத்து, வராத அடிச்சுருதியைக் காது தானே கட்டிக்கொள்ளும், அதுவும் பிசகாமல். தனி 'ம்'மைப் படிக்கும் கண்ணும் இல்லாததைக் கட்டும். ஆனால் அது கட்டுவது பெரும்பாலும் சண்டை.

அற்றேல், குரல் பதிவு அனுப்பலாமே எனின், கூடாது என்க. பதிவில் குரல் உண்டு, உம் கொட்ட ஆள் இல்லை. கதை சொல்லும் பாட்டி, பேரன் 'ம்' சொல்வதை நிறுத்தினால்தான் தூங்கிவிட்டான் என்று அறிவார். பதிவோ கேட்பவர் தூங்கினாலும் பேசிக்கொண்டே போகும். போதாக்குறைக்கு 2021 முதல் அதை இரட்டை வேகத்தில் கேட்கலாம். அம்மாவின் இரண்டு மாத்திரைப் பெருமூச்சு ஒரு மாத்திரையாகிவிடும். இதற்கு எந்த இலக்கணத்திலும் விதி இல்லை.

ஆகவே, வாட்ஸ்அப்பில் தனி 'ம்' வரப்பெற்றோர் அண்ணியிடம் விளக்கம் கேளாது நேரே அம்மாவுக்குப் போன் போடவும். சீரியல் நேரத்தில் மட்டும் வேண்டாம். அப்போது வரும் 'ம்' உங்களுக்கானது அன்று.