ஒரு கண்ணி எடுத்தாப் போதும்

செயின் கழன்ற சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறவர் முகத்தில் சாதாரணமாக ஒரு வாட்டம் இருக்கும். இவர் முகத்தில் அது கிடையாது. பேப்பர் வாங்கப் போனவர் பத்து விரலும் கறுப்பாகத் திரும்பி வருவார். சைக்கிளைத் திண்ணையோரம் சாய்த்துவிட்டு, "மூணு தடவைதான் கழண்டுச்சு. நேத்து அஞ்சு" என்பார், உடம்பு தேறி வருகிற நோயாளியைப் பற்றிச் சொல்கிற திருப்தியோடு.

இந்த ரகத்து ஆசாமிகள் எல்லா ஊரிலும் உண்டு. அடையாளம் சுலபம். எழுபதை நெருங்குகிற வயது, கூட்டுறவு வங்கி உத்தியோகத்திலிருந்து ஓய்வு, வேட்டியின் வலது ஓரத்தில் எந்தச் சோப்புக்கும் மசியாத கறுப்புக் கோடு, கும்பகோணத்தில் சொந்த வீடு, என் மனைவிக்குப் பெரியப்பா முறை. மற்ற ஊர்களில் இந்த விவரங்கள் கொஞ்சம் முன்பின் இருக்கலாம்.

வேட்டிக் கறைக்குக் காரணம், செயின் கவர் இல்லாதது. செயின் கவர் இல்லாததற்குக் காரணம், கழன்ற செயினைத் திரும்ப மாட்ட அது இடைஞ்சலாக இருந்தது. இதற்கு மேல் காரணம் கேட்கப் போனால் சாப்பாட்டு நேரம் தாண்டிவிடும்.

செயின் விஷயத்தில் இவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். தெரியாதவர் என்றால் சொல்லிக் கொடுக்கலாம். இவரோ, சுவிட்சர்லாந்திலிருந்து மான்செஸ்டருக்குப் பிழைக்கப் போன ஹான்ஸ் ரெனால்டு 1880-இல் உருளை வைத்த செயினுக்குக் காப்புரிமை வாங்கிய கதையிலிருந்து ஆரம்பிப்பார். செயின் லாக்கின் கிளிப்பை மாட்டும்போது மூடிய முனை செயின் ஓடுகிற திசையைப் பார்க்க வேண்டும்; திருப்பி மாட்டினால் எதிலாவது உரசித் தெறித்துப் போகும். இந்தச் சட்டத்தை அமல்படுத்துவதற்காக, டீக்கடை வாசலில் நிற்கிற முன்பின் தெரியாதவர் சைக்கிளின் முன்னால் இவர் குந்தி உட்கார்ந்துவிடுவதை நானே பார்த்திருக்கிறேன். சைக்கிள்காரர் கிளாசைக் கீழே வைத்துவிட்டு ஓடி வருவார், யாரோ காற்றைப் பிடுங்குகிறார்கள் என்று.

எண்ணெய்க்குத் தனிப் பிரசங்கம். தேங்காய் எண்ணெய் கூடாது, பிசுக்கேறி மண்ணை இழுக்கும். மண்ணெண்ணெயில் கழுவினால் அழுக்கோடு உருளைக்குள்ளே இருக்கிற கிரீசும் போய்விடும். அதனால் காயவைத்த பிறகு உருளைக்கு ஒரு சொட்டாக எண்ணெய் விட்டு, மேலே வழிந்ததைத் துடைத்துவிட வேண்டும். உள்ளே போனதுதான் செயினுக்கு, வெளியே மினுங்குகிறது புழுதிக்கு. அத்தனையும் உண்மை. இதில் பாதியை நான் இவரிடம்தான் கற்றுக்கொண்டேன். கழற்றுவது எப்படி, கழுவுவது எப்படி, மாட்டுவது எப்படி, எல்லாம் அத்துப்படி. மாற்றுவது எப்போது என்று கேட்டுப் பாருங்கள். காது கேட்காது.

செயின் தளர்ந்தால் பின்சக்கரத்து நட்டை இளக்கி, சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து முடுக்குவோம். எல்லாரும் செய்கிறதுதான். இழுத்து இழுத்து அச்சு காடியின் கடைசிக்கே வந்துவிட்டால் மற்றவர்கள் புதுச் செயின் வாங்குவார்கள். இவர் கடைக்குப் போய் நிற்பார்.

"பாய், ஒரு கண்ணி எடுத்துடுங்க."

"சார், செயினே முடிஞ்சுபோச்சு சார்."

"முடியலை. நீண்டிருக்கு. ஒரு கண்ணி எடுத்தாப் போதும்."

பாய் வாதாடி ஓய்ந்தவர். பேசாமல் லாக்கைக் கழற்றிச் செயினை உருவுவார். இரும்புக் கட்டையின் மேல் வைத்து, முனை மழுங்கிய ஆணியைப் பின்னின் தலையில் நிறுத்திச் சுத்தியலால் இரண்டு தட்டு. பின் பாதி வெளியே வந்ததும் குறட்டால் பிடித்து முறுக்கி இழுப்பார். உள்கண்ணி ஒன்றும் வெளிக்கண்ணி ஒன்றுமாக ஓர் அங்குலத் துண்டு கீழே விழும். மாமா அதைப் பொறுக்கி, பாயின் அழுக்குத் துணியிலேயே துடைத்து, சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். வீட்டில் அலமாரி மேல் தட்டில் ஓர் ஊறுகாய் பாட்டில் இருக்கிறது. எடுத்த கண்ணியெல்லாம் அதில்தான்.

"எதுக்கு மாமா சேர்த்து வைக்கிறீங்க?"

"வேற செயினுக்கு ஆகும்."

"வேற செயின் எங்க இருக்கு?"

"வாங்கினா ஆகும்ல?"

"எப்ப வாங்குவீங்க?"

"இது முடிஞ்சதும்."

செயின் நீள்கிறது என்பதே தப்புக் கணக்கு. இரும்பு ஒன்றும் ரப்பர் இல்லை, இழுபடுவதற்கு. ஒவ்வொரு பின்னும் தன் குழலுக்குள் புரண்டு புரண்டு தேய்கிறது, மயிரிழை இடைவெளி விழுகிறது. நூற்றுச் சொச்சம் பின்னின் இடைவெளியும் சேர்ந்தால் செயின் நீண்டதாகத் தோன்றுகிறது. ஒரு கண்ணியை எடுத்தால் தொங்கல் குறையும். தேய்ந்த பின்னில் ஒன்றாவது தேறுமா? மிச்சமிருப்பவை அரை அங்குலத்துக்கு ஒன்றாக நிற்காமல் சற்றுத் தள்ளித் தள்ளியே நிற்கும். பல்சக்கரத்துப் பல் மட்டும் பழைய அரை அங்குலத்திலேயே இருக்கிறது. இரண்டுக்கும் ஒத்துப்போகாமல், உருளை பல்லின் மேல் ஏறி உட்கார்ந்து அதை அரைக்க ஆரம்பிக்கும்.

அளந்து பார்க்கப் பெரிய கருவி வேண்டாம், பள்ளிக்கூடத்து 12 அங்குல ஸ்கேல் போதும். ஒரு பின்னின் நடுவில் பூச்சியத்தை வைத்தால், புதுச் செயினில் பன்னிரண்டாம் கோட்டில் இன்னொரு பின்னின் நடு சரியாக வந்து நிற்கும். அது 1/16 அங்குலம் தாண்டினால் செயினை மாற்றிவிட வேண்டும். 1/8 தாண்டினால் ஃபிரீவீலுக்கும் சேர்த்துப் பணம் எடுத்து வைக்க வேண்டும். நம் ஊர்ப் பெரிய சைக்கிளுக்குச் செயின் ஏறக்குறைய 56 அங்குலம். அடிக்கு 1/8 என்றால் மொத்தச் செயினும் அரை அங்குலத்துக்குச் சற்று மேல்தான் நீண்டிருக்கும். ஆனால் கண்ணி எடுக்க ஓர் அங்குலம் முழுசாக மிஞ்ச வேண்டுமே! ஆகவே "ஒரு கண்ணி எடுத்தாப் போதும்" என்கிற கட்டம் வருவதற்குள் அந்தச் செயின் செத்து, கருமாதியும் முடிந்திருக்கும். மாமா அதன் பிறகும் அடுத்த கண்ணி எடுத்திருக்கிறார்.

பொங்கலுக்குப் போயிருந்தபோது இதைப் பணிவாகவே எடுத்துச் சொன்னேன். பேத்தியின் மரஸ்கேலை வாங்கி, ஸ்டாண்டு போட்ட சைக்கிளில் செயினை இழுத்துப் பிடித்து, ஸ்கேலை வைத்துக் காட்டினேன். பன்னிரண்டாம் கோட்டைத் தாண்டிக் கால் அங்குலத்துக்கும் அப்பால் நின்றது பின். மாமா நெற்றியில் இருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். குனிந்தார். ஸ்கேலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஸ்கேல் சுருங்கியிருக்கு" என்றார்.

கஞ்சரா என்றால் அதுவும் இல்லை. பேரனுக்குக் கியர் சைக்கிள் வாங்கிக் கொடுத்தவர். கேட்காமலே கைமாற்றுக் கொடுப்பார், கேட்டு வாங்க மறந்துவிடுவார். ஆயுத பூஜையன்று அந்தச் சைக்கிளை அவர் துடைக்கிற அழகைப் பார்க்க வேண்டும். ஸ்போக் ஸ்போக்காகத் துடைத்து, பல்சக்கரத்தின் நடுவில் சந்தனம் வைத்து, செயினுக்கு ஒரு குங்குமப் பொட்டும் வைப்பார். இன்னொன்றையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இவர் ஓட்டும்போது அந்தச் செயின் கழலுமே தவிர, ஒருநாளும் வழுக்கியதில்லை. லாக் பல்லின் மேல் ஏறுகிற நேரம் பாதத்துக்குத் தெரிகிறது, அங்கே மட்டும் மிதியை இளக்கிவிடுகிறார். அப்படி ஒரு மிதியை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. ஊரும் இதற்கு உடந்தை. தஞ்சாவூர்ப் பக்கம் தட்டையான பூமி. ஏற்றம் என்றால் ஆற்றுப் பாலம் ஒன்றுதான். ஏற்காட்டில் இந்த ரகம் ஒரு தலைமுறையோடு நின்றுபோயிருக்கும்.

அவர் சைக்கிள், அவர் செயின், அவர் விரல் என்று விட்டுவிடலாம். வீட்டுக்கு வருகிறவர்களையும் அதில் ஏற்றி அனுப்புகிறாரே!

"மாப்பிள்ளை, இலை வாங்கிட்டு வந்துடுறீங்களா? சைக்கிள் இருக்கு."

சைக்கிளோடு சட்டதிட்டங்களும் வரும். எழுந்து நின்று மிதிக்கக் கூடாது. பெடலைப் பின்னால் சுற்றக் கூடாது. மேடு பள்ளத்தில் மிதிக்கவே கூடாது, தானாகப் போகிற வரைக்கும் போகலாம். பாலம் வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். 'கடக்' என்று சத்தம் வந்தால் பயப்படக் கூடாது. ஆனால் உடனே காலை எடுத்துவிட வேண்டும். கேரியரில் ஒரு குச்சியும் கிழிந்த பனியனும் செருகியிருக்கும், கழன்றால் மாட்டிக்கொள்ள.

இதில் சிரிக்க ஒன்றும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். செயின் கழன்றால் தொல்லை, அவ்வளவுதான். காலை அழுத்தி மிதிக்கும்போது அது பல்லைத் தாண்டிக் குதித்தால் ஆபத்து. பாரம் ஏந்தியிருந்த பெடல் திடீரென்று பிடிமானமே இல்லாமல் கீழே போகும். முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கும். குறுக்குக் கம்பி வைத்த ஆண் வண்டியாக இருந்தால் மேற்கொண்டு விவரிக்க வேண்டியதில்லை. எனக்கு இது காவிரிப் பாலத்து ஏற்றத்தில் நடந்தது. பின்னால் டவுன் பஸ். வாழையிலைக் கட்டு ஒருபுறம், நான் ஒருபுறம். டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி என் குடும்பத்தாரை விசாரித்தார். புதுச் செயின் இருநூறு முந்நூறு ரூபாய்ச் சமாசாரம். அந்தக் காசை மிச்சம் பிடித்ததில் செயின் ஃபிரீவீலைத் தின்றாயிற்று. முன்பக்கத்துப் பல்சக்கரத்தையும் பாதி தின்றாயிற்று. அது வலது கிராங்கோடு சேர்ந்து வருவது, மாற்றினால் மொத்தமாகத்தான் மாற்ற வேண்டும். யாருடைய முட்டியை வைத்து யார் சிக்கனம் பிடிப்பது?

வீட்டுக்கு வந்து முட்டியைக் காட்டினேன்.

"எழுந்து நின்னு மிதிச்சிருப்பீங்க" என்றார்.

அதே பாலத்தில் பக்கத்து வீட்டுப் பெண் தினமும் போகிறாள். பிளஸ் ஒன்னில் அரசாங்கம் கொடுத்த விலையில்லாச் சைக்கிள். புத்தகப் பையோடு எழுந்து நின்று மிதித்து, தள்ளிக்கொண்டு போகிற மாமாவைத் தாண்டி, "வரேன் தாத்தா" என்று ஏறிப் போய்விடுவாள். மாமா நின்று அவளைப் பார்ப்பார். "செயினுக்கு ஆகாது" என்பார்.

கடைசியில் அத்தைதான் தலையிட்டார். வேட்டி துவைக்கிறவர் அவர். மாமா ஒரு கல்யாணத்துக்குத் திருச்சி போயிருந்த நாளில் சைக்கிளைக் கடைக்கு அனுப்பிப் புதுச் செயின் போடச் சொல்லிவிட்டார். "ஃபிரீவீலையும் சேர்த்து மாத்தணும்மா, பல்லெல்லாம் போச்சு" என்று பாய் சொல்லி அனுப்பினார். "செயின்தானே கெட்டுச்சு? அதை மட்டும் மாத்தச் சொல்லு" என்று அத்தை பதில் சொல்லி அனுப்பினார். நாற்பது வருஷம் ஒன்றாகக் குடித்தனம் பண்ணினால் இப்படித்தான்.

பாய் சொன்னதுதான் சரி. பழைய செயினோடு சேர்ந்து தேய்ந்த பல், முனை வளைந்து, அந்தச் செயினின் தள்ளாட்டத்துக்கே பழகிப்போயிருக்கும். அரை அங்குலக் கணக்கு பிசகாத புதுச் செயின் அதில் உட்காராது. கொஞ்சம் அழுத்தினால் குதிக்கும், அதுவும் சமதரையிலேயே.

மாமா மறுநாள் காலை பேப்பர் வாங்கக் கிளம்பினார். புதுச் செயினைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து கிளிப்பின் மூடிய முனை எந்தப் பக்கம் என்று மட்டும் சரிபார்த்துவிட்டு ஏறினார். எதிர்வீட்டு வாசல்கூடத் தாண்டவில்லை. கடக். இன்னொரு மிதி. கடக், கடக். இறங்கித் திருப்பித் தள்ளிக்கொண்டு வந்தார். மகள் கல்யாணத்தில்கூட அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

"பாத்தீங்களா மாப்பிள்ளை? முப்பது வருஷத்துல பழைய செயின் ஒருநாள் என் காலை வாரியிருக்குமா?"

அன்று பத்து மணிக்குள் பழைய செயின் திரும்ப ஏறிவிட்டது. பாயும் அதைத் தூக்கிப் போடாமல்தான் வைத்திருந்தார், ஆளைத் தெரியும் என்பதால். புதுச் செயின் இப்போது வாசல் கேட்டில் பூட்டோடு தொங்குகிறது. வாரம் தவறாமல் அதற்கும் உருளைக்கு ஒரு சொட்டாக எண்ணெய் விட்டு, மேலே வழிந்ததைத் துடைத்துவிடுகிறார்.