கொல்லைப்புறப் பறவை நோக்கல்: காக்கைச் சோற்றை முன்வைத்து ஓர் ஆய்வு

தமிழகத்துச் சிற்றூர்களில் பறவைகளை வேடிக்கை பார்ப்போர் எவருமிலர் என்பதே நெடுங்காலமாக நிலவிவரும் கருத்தாகும். கேட்டால், அமாவாசைக்குச் சோறு வைத்ததாகவோ, சனிக்கிழமையாதலால் எள்ளுச்சாதம் வைத்ததாகவோ, மிஞ்சியதைக் கொட்டியதாகவோ விடை வருமேயன்றி, பறவையைப் பார்க்க ஆசையாக இருந்தது என்று ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை. இக்கருத்து மறு ஆய்வுக்குரியது.

முதலில் கலைச்சொற்கள். 'கொல்லை' என்பது வீட்டின் பின்புறத்தே கிணறு, துவைக்கும் கல், வாழை, முருங்கை, பப்பாளி ஆகியன அடங்கிய நிலப்பகுதி. 'பிடி' என்பது ஒரு கைக்குள் அடங்கும் சோறு. கனுப் பொங்கலன்று மஞ்சள் இலையில் பல நிறச் சாதங்களாக வைக்கப்படுவதும் இதுவே. 'உபரி நிற்றல்' என்பது, காக்கை முதல் பருக்கையைக் கொத்தியதும் கடமை முடிந்துவிட்ட பின்னரும், சோறு வைத்தவர் கொல்லைப்படியிலேயே நின்றுகொண்டிருக்கும் நேரத்தைக் குறிக்க இங்கே புதிதாக ஆக்கப்பட்ட சொல். சாத்திரம் எதுவும் இந்நிற்றலைக் கோரவில்லை. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருப்பதை நோக்கின், சமையற்கலையும் அதை அனுமதிக்காது.

காக்கைக்குச் சோறிடும் வழக்கின் தொன்மை ஐயத்திற்கிடமற்றது. குறுந்தொகையின் 210ஆம் பாடலில், விருந்து வரக் கரைந்த காக்கைக்கு நெய்ச்சோற்றை ஏழு கலங்களில் ஏந்தித் தந்தாலும் ஈடாகாது என்னும் பொருள்பட மதிப்பிட்ட புலவர், அப்பாடலாலேயே காக்கைபாடினியார் நச்செள்ளையார் எனப் பெயர் பெற்றார் என்பர். இன்றைய இல்லங்கள் ஒரு பிடியோடு நிறுத்திக்கொள்வதைக் காணுங்கால், இடைக்காலத்தில் படி கடுமையாகக் குறைக்கப்பட்டிருப்பது தெளிவாகிறது. எனினும் காக்கைகளின் தரப்பில் வேலைநிறுத்தம் எதுவும் பதிவாகவில்லை.

காக்கை மட்டுமே முன்னோராகக் கருதப்படுவதால் எழும் சிக்கல் விரிவாக நோக்கத்தக்கது. கழுத்து சாம்பல் நிறமான வீட்டுக் காக்கையும், முழுதும் கறுத்த அண்டங்காக்கையும் பிடியை உரிமையோடு எடுத்துச் செல்கின்றன. ஆனால் உயிரியல் வகைப்பாட்டில் அதே குடும்பத்தைச் சேர்ந்த வால் காக்கை, செம்பழுப்பு உடலும் நீண்ட வாலுமாகப் பப்பாளியின்மேல் வந்தமர்ந்தாலும், அதைத் தாத்தா என்று விளித்தவர் எவருமிலர். இதனினும் கடினமானது குயிலின் வழக்கு. குயில் தானே கூடு கட்டாமல் காக்கையின் கூட்டில் முட்டையிடுவதும், பொரிந்த குஞ்சைக் காக்கை தன் குஞ்செனவே ஊட்டி வளர்ப்பதும் யாவரும் அறிந்தவை. எனவே கோடையில் வைக்கப்படும் பிடியில் ஒரு பகுதி காக்கையின் அலகு வழியே குயிற்குஞ்சின் வாய்க்குள் சென்றுவிடக்கூடும். மூதாதையர்க்கு அளித்த சோறு, குலத்தோடு தொடர்பற்ற வளர்ப்புப் பிள்ளையைச் சேர்ந்தால் அது செல்லுமா? தத்தெடுப்பு முறைப்படி நடந்திருந்தால் செல்லும் என்று வாதிடலாம். இங்கே கொடுத்தவர் திருட்டுத்தனமாகக் கொடுத்து, எடுத்தவர் அறியாமல் எடுத்திருப்பதால், செல்லாது என்பதே பொருத்தமாகப் படுகிறது.

ஏனையவற்றைச் சுருங்கச் சொல்லலாம். மைனா சோற்றுக்கு வருகிறது. கரிச்சான் சோற்றைச் சீண்டாது பூச்சிக்கும், தேன்சிட்டு வாழைப்பூவுக்கும் வருகின்றன. அணில் பறவையன்று, ஆயினும் பல நாள்களில் முதல் வாய் அதனுடையதே என்பதை இல்லத்தார் கண்டுகொள்வதில்லை. நூல்வழக்கில் வெண்தலைச் சிலம்பன் எனப்படும் தவிட்டுக்குருவிகளோ, பந்தியில் பாயசம் எட்டாத சம்பந்திகளைப்போல் கூட்டமாகச் சச்சரவிட்டபடி சருகைப் புரட்டுகின்றன. இவற்றுக்குச் சமயத் தகுதி துளியுமில்லை. இருந்தும் உபரி நிற்றல் மிக நீள்வது இவை வந்திருக்கும்போதுதான்.

முடிவான சான்று, சித்திரை வெயிலில் துவைக்கும் கல்லருகே தோன்றும் வாயகன்ற மண்சட்டியாகும். அதில் நாள்தோறும் தண்ணீர் ஊற்றப்படுகிறது. தவிட்டுக்குருவிகள் அதில் இறங்கிக் குளிக்கின்றன. அவை குளிப்பதால் எந்த முன்னோரும் கரையேறியதாகத் தகவல் இல்லை. சனி பகவானுக்கும் இதில் தொடர்பில்லை. காரணம் கேட்டால், சட்டி சும்மாதானே கிடந்தது என்ற விடை கிடைக்கிறது. அச்சட்டி முந்திய வாரச் சந்தையில், விளிம்பு குருவி உட்காரத் தோதாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, பேரம் பேசி வாங்கப்பட்டது.